கோணக்குறிச்சி ஆதரவு கொடுத்த கதை

கோணக்குறிச்சிக்கு செல்போன் டவர் வந்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் நேருக்கு நேர் நின்றுதான் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டவர் வந்த பிறகு அந்த அலைச்சல் மிச்சம்.

ஊருக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. பெயர் 'கோணக்குறிச்சி இனிய காலை'. மொத்தம் அறுபத்தோரு பேர். தொடங்கிவைத்தவர் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் சிவனுபாண்டி. ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமா முறை. கப்பலில் இருப்பதால் மீதிப் பேருக்கும் மாமாதான். தொடங்கும்போது அவர் ஒரே ஒரு விதி வைத்தார்: இந்தக் குழுவில் காலை வணக்கம் இல்லாமல் எதுவும் போடக் கூடாது. ஊர்க்காரர்கள் அதை மீறியதே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடு தொலைந்தாலும், "இனிய காலை. சிவப்பு மாடு, ஒற்றைக் கொம்பு, யாராவது பார்த்தீர்களா?" என்றுதான் வரும். சாவுச் செய்தியும் அப்படித்தான்.

குழுவுக்கு அட்மின் பரமகல்யாணி. இருபத்திரண்டு வயது. கணக்கில் பட்டம் வாங்கியவள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அதனால் ஊரில் எது புரியாவிட்டாலும் அவளிடம் கொண்டுவந்துவிடுவார்கள். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, ஒருமுறை வெறும் கோடு கோடாக இருந்த பிஸ்கட் உறை. தெரியாது என்று சொல்ல அவளுக்குப் பயம். தெரியும் என்று பொய் சொல்ல அதைவிடப் பயம். ஆகவே எதையும் மூன்று தடவை படித்து, எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்லிவிடுவாள். அந்த ஊரில் அது பெரிய தகுதி.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மாமாவின் குரல் குழுவில் வந்தது.

"இனிய காலை மருமக்களா. குழு ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆகுது. வணக்கம் சொல்லிக்கிட்டே இருந்தா போதுமா? ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்கு நாம ஆதரவு கொடுக்கணும். எந்த இடம்னு நீங்க தேர்ந்தெடுத்துச் சொல்லுங்க. வேண்டிய சாமானை நான் திருநெல்வேலிக் கடையில சொல்லி அனுப்பிவைக்கேன், வேலையை நீங்க செய்யணும். வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு நான் கப்பல் ஏறிருவேன். ஏறிட்டா மூணு மாசத்துக்கு போன் கிடைக்காது. அதுக்காக அவசரப்பட வேண்டாம். நிதானமா பண்ணுங்க."

கல்யாணிக்கு எந்த இடம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன வாரம்தான் அவள் பக்கத்து ஊர் செம்மண்விளையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு, யாருக்கோ விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போயிருந்தாள். பதினோரு வயசாளிகள். கூரையில் தென்னை முறிந்து விழுந்து பாதி ஓடு போய்விட்டது. கட்டில்களையெல்லாம் ஒரே ஓரமாகத் தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கியிருந்தார்கள். மற்ற பக்கத்தில் குடம், அண்டா, சருவம், டம்ளர் என்று வீட்டிலுள்ள பாத்திரம் முழுவதும் ஒழுகலுக்குக் கீழே வரிசையாக நின்றது. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் அக்கா சொன்னாள்: "இது சாரல்தாம்மா. அடைமழைக்கு எங்ககிட்ட பாத்திரம் கிடையாது."

மாமாவின் செய்தியைக் கேட்ட கையோடு கல்யாணி எஸ்தர் அக்காவுக்கு போன் பண்ணினாள். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கூரைக்கு ஒரு வழி பண்ணிருதேன்" என்றாள். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கு அவள் கொடுத்த முதல் வாக்கு அது.

நாலு நாள் இருக்கிறது என்று நினைத்தாள். அவள் கணக்கில் படித்தவள். நாலு நாள் என்பது சரிதான். கோணக்குறிச்சியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

குழுவின் பெரிய காரியங்கள் எல்லாம் உலகநாதன் அண்ணாச்சியின் ரீசார்ஜ் கடையில்தான் பேசி முடிவாகும். அன்றைக்கும் கூடினார்கள். அண்ணாச்சி, தையல்கார பேச்சித்தாய் மதினி, ஆடு வளர்க்கும் வெயிலுமுத்து சித்தப்பா, கல்யாணி. சித்தப்பாவுடன் எப்போதும் வரும் வெள்ளாடு ஒன்று வாசலில் நின்றது.

அண்ணாச்சி மாமாவின் குரலை மூன்று தடவை ஓடவிட்டார். பிறகு கேட்டார்.

"எல்லாம் விளங்குது. கடைசியில நிதானமா பண்ணுங்கங்காரே, அது என்ன தானம்?"

யாருக்கும் தெரியவில்லை.

"ரத்த தானம் தெரியும். கண் தானம் தெரியும். அன்னதானம் சாப்பிட்டே இருக்கேன்" என்றாள் பேச்சித்தாய் மதினி. "இந்த நிதானத்தை யாரும் பண்ணி நான் பாத்ததில்ல."

"நிதி தானம்னு சொல்ல வந்திருப்பாரு" என்றார் அண்ணாச்சி. "கப்பல்ல இருக்கிற ஆளு. நடுவுல ஒரு 'தி' தண்ணியில விழுந்திருக்கும்."

"மாமா இன்னும் கப்பல் ஏறலையே அண்ணாச்சி" என்றாள் கல்யாணி.

"பழக்கதோஷம்."

வெயிலுமுத்து சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் குறைவாகப் பேசுகிறவர். "எங்க அய்யாவுக்கும் பெரியய்யாவுக்கும் வரப்புத் தகராறுல சமாதானம் பண்ணி வச்சாங்க. அது சமமாக் கொடுக்கிற தானம். இதுவும் அந்த வகையாத்தான் இருக்கும்."

"அவதானம்னு ஒண்ணு உண்டே?" என்றார் அண்ணாச்சி.

"அது அவ கொடுக்கிறது. நமக்கு அதுல சம்பந்தம் கிடையாது" என்றார் சித்தப்பா.

பேச்சித்தாய் மதினி கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தாள். "எனக்குப் பிடிபட்டுட்டு. அவரு நிதானம்னு சொல்லல, நீ தானம் பண்ணுன்னு சொல்லிருக்காரு. வேகமாப் பேசினதுல 'நீ' சின்னதாப் போயிட்டு."

"யாரை 'நீ'ங்காரு?" என்றார் அண்ணாச்சி.

"போன் யாரு கையில இருக்கோ அவரைத்தான்."

அண்ணாச்சி போனைச் சட்டென்று மேசையில் வைத்தார். மேசையில் இருந்த போனை எல்லோரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் கல்யாணி அகராதி எடுத்துப் பார்த்தாள். நிதானம் என்றால் அவசரமின்மை, மெதுவாகச் செய்தல் என்று போட்டிருந்தது. அதை அப்படியே குழுவில் போட்டாள். போட்டிருக்க வேண்டாம் என்று மறுநாள்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஊரில் எல்லாம் மெதுவாக நடந்தது. அண்ணாச்சி "வா கல்யாணி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டாள். அடுப்பில் வைத்த பாலை மெதுவாக இறக்கியதில் ஒன்பது வீடுகளில் பால் பொங்கி வழிந்தது.

இப்படியே போனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று பயந்து, கல்யாணி குழுவில் ஓட்டெடுப்பு வைத்தாள். மூன்று பெயர்கள் வந்திருந்தன. செம்மண்விளை இல்லம், பள்ளிக்கூட நூலகம், தெப்பக்குளத்து ஆமைகள்.

மதியத்துக்குள் இல்லத்துக்கு நாற்பது ஓட்டு விழுந்தது. கல்யாணி நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் இல்லத்துக்கு ஆறு ஓட்டு, ஆமைகளுக்கு நாற்பத்தைந்து.

பதறிப்போய் அண்ணாச்சியிடம் ஓடினாள்.

"ஆமைக்கு ரெண்டே ஓட்டும்மா. பாவமா இருந்துச்சு" என்றார் அவர். "தர்மம்ங்கிறது இல்லாதவங்களுக்குச் செய்யுறது. நாப்பது ஓட்டு வச்சிருக்கிறவங்களுக்கு எதுக்கு தர்மம்?"

அது நியாயமாகத்தான் பட்டது. எது கீழே போகிறதோ அதன்மேல் எல்லோருக்கும் இரக்கம் வந்தது. இரக்கத்தில் அது மேலே வந்தது. மேலே வந்ததும் இரக்கம் போய்விட்டது. பொழுது சாயும்போது மூன்றும் இருபது இருபதாக நின்றன. கல்யாணியின் ஓட்டு மட்டும் பாக்கி. இல்லத்துக்குப் போட்டால் அதற்கு ஒன்று கூடிவிடும். கூடினால் யாரும் இரக்கப்பட மாட்டார்கள். அவள் ஓட்டுப் போடாமல் படுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் மாமாவின் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. "இனிய காலை. ஆமைக்கு எதுக்குவே ஆதரவு? இருந்த இடத்துல இருந்து ஓட்டுப் போட்டா என்ன தெரியும்? நாலு பேரு கிளம்பி நேரா அந்த இல்லத்துக்குப் போய்ப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

"நேராவா போகச் சொல்லுதாரு?" என்றார் அண்ணாச்சி.

"நேராத்தான்" என்றாள் கல்யாணி. மூன்று தடவை கேட்டிருந்தாள்.

செம்மண்விளைக்கு ரோட்டு வழியாக இருபது நிமிஷ நடை. ஆனால் ரோடு அம்மன் கோயிலிடம் வளைகிறது, பாலத்திடம் வளைகிறது, ஒரு காரணமும் இல்லாமல் பனங்காட்டிடமும் வளைகிறது. கல்யாணி போனில் வரைபடத்தைத் திறந்து, கடை வாசலிலிருந்து இல்லம் வரைக்கும் ஒரு கோடு போட்டாள். கணக்கில் பட்டம் வாங்கியதற்கு இதுவரை வந்த ஒரே பயன்.

கோட்டில் முதலில் வந்தது எதிர்வீடு. முன்வாசல் வழியாக நுழைந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். வீட்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. அவரும் குழுவில் இருக்கிறவர்தான். காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார். பிறகு ஒரு வாழைத்தோப்பு. பிறகு ஒரு வைக்கோல் படப்பு. அதன்மேல் ஏறி இறங்கினார்கள். பிறகு குளம்.

"சுத்திப் போனா என்ன?" என்றாள் பேச்சித்தாய் மதினி, சேலையைப் பார்த்துக்கொண்டு.

"சுத்திப் போனா அது நேரா போனதாகாது" என்றார் அண்ணாச்சி. "மாமா கேட்டா என்ன சொல்லுவ?"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஆடு மட்டும் கரையில் நின்று இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி ரோட்டு வழியாகப் போயிற்று. மாமா சொன்னது அதற்கு வந்திருக்கவில்லை.

சேறும் தாமரை இலையுமாக நாலு பேர் சுவரேறிக் குதித்து வந்ததைப் பார்த்து எஸ்தர் அக்கா முதலில் பயந்துபோனாள். பிறகு துண்டு கொடுத்தாள். "பாத்திரமெல்லாம் கூரைக்குக் கீழ நிக்கி. ஒரே டம்ளர்தான் மிச்சம். ஒவ்வொருத்தராத்தான் காப்பி தருவேன், மத்தவங்க பொறுங்க" என்றாள். நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரை இருந்த இடத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துரைராஜ் என்கிற வயசாளி, பழைய மில் தொழிலாளி, ஒரு ஓட்டைக்கு நேர் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் மதினி மூக்கை உறிஞ்சினாள். வெயிலுமுத்து சித்தப்பா, "இதுக்கு மேல என்ன பாக்கணும், தகரம் போட்டுருவோம்" என்றார்.

கல்யாணிக்கு மனசு இலேசாயிற்று. புறப்படும்போது வாசலில் இருந்த பலகையைப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்தபோது முகம் வெளுத்துவிட்டது.

*ஆதரவற்ற முதியோர் இல்லம். ஆதரவற்றோர் மட்டுமே இங்கு தங்கலாம்.*

பலகையைப் பார்க்காத மாதிரி வந்திருக்கலாம். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீடு திரும்புகிற வழி முழுக்க, குளத்துக்கு நடுவிலும்கூட, அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் தெரிந்த ஒன்றை மறைப்பது அவளால் ஆகாத காரியம். பலகையின் போட்டோவைக் குழுவில் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கடையில் யாரும் சிரிக்கவில்லை.

"இப்பம் அவுகளுக்கு ஆதரவு உண்டா இல்லையா?" என்று தொடங்கினார் அண்ணாச்சி.

"இல்ல. இல்லாததுனாலதான் உள்ள இருக்காங்க" என்றாள் கல்யாணி.

"நாம ஆதரவு கொடுத்தா?"

"உண்டுன்னு ஆயிரும்."

"உண்டுன்னு ஆனா?"

பேச்சித்தாய் மதினி சொன்னாள்: "வெளிய போவணும். பலகையில போட்டிருக்கே. பதினோரு பேரும் மழையில நிக்கணும். நாம போட்ட புதுக் கூரைக்குக் கீழ ஒரு ஈ காக்கா இருக்காது."

"பொறு" என்றார் வெயிலுமுத்து சித்தப்பா. "வெளிய போயிட்டா அவுகளுக்கு ஆதரவு இல்லதான? கூரை அங்கல்லா இருக்கு."

"ஆமா."

"ஆதரவு இல்லன்னா உள்ள வரலாம்."

"உள்ள வந்தா கூரை இருக்கே. திரும்ப ஆதரவு ஆயிருமே" என்றார் அண்ணாச்சி.

"அப்பம் வெளிய போவணும்."

"போனா உள்ள வரலாம்."

நாலு பேரும் அதைக் கண்முன்னால் பார்த்தார்கள். பதினோரு வயசாளிகளும் விடியற்காலையிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் உள்ளேயும் வெளியேயும் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"அதுல மூணு பேருக்கு முட்டுவலி" என்றார் சித்தப்பா வருத்தமாக.

"அவங்களுக்கு நல்லது செய்யணும்னா ஆதரவு கொடுக்கவே கூடாது" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "அதுதான் அவங்களுக்கு நாம செய்யுற பெரிய ஆதரவு. அதையும் வெளிய சொல்லக் கூடாது. சொன்னா அதுக்கே வெளியேத்திருவாங்க."

கல்யாணிக்கு அழுகை வந்தது. வாக்குக் கொடுத்தவளும் அவள், பலகையைப் படித்தவளும் அவள். எஸ்தர் அக்காவிடமிருந்து மதியம் ஒரு செய்தி வந்தது: 'நாளைக்கு மழை பலமா இருக்கும்னு சொல்றாங்கம்மா. ஏதாவது முடிவாச்சா?' கல்யாணி பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் 'நிதானமாக இருக்கிறோம் அக்கா' என்று அனுப்பினாள்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார். "காலைல எட்டு மணி, ஞாபகம் இருக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு பேசாம ஒருமனதா ஒரு முடிவைச் சொல்லுங்க."

"ஒரு மனசுதான் முடிவெடுக்கணும்னா மத்த மனசெல்லாம்?" என்றாள் பேச்சித்தாய் மதினி.

"சும்மா இருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

யாருடைய மனசு என்று பேசி, அதிகம் பேசாதவர் என்பதால் வெயிலுமுத்து சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற அறுபது பேரும் யோசிப்பதை நிறுத்த வேண்டும் என்று குழுவில் அறிவிப்புப் போனது. இரண்டு நிமிஷத்தில் எல்லோரிடமிருந்தும் 'நிறுத்தியாச்சு' என்று பதில் வந்தது. ஊரே அமைதியானது.

சித்தப்பா கண்ணை மூடி, ஒருமனதாக யோசித்தார். வெகு நேரம் யோசித்தார்.

"என்ன தோணுது சித்தப்பா?" என்றாள் கல்யாணி.

"ஆடு."

"என்னது?"

"நேத்து ரோட்டு வழியாப் போனது இன்னும் வரல. மனசு பூரா அதுதாம்மா இருக்கு. வேற ஒண்ணும் தோணல."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டுக் குழுவில் போட்டார்: 'இனிய காலை. ஒருமனதான முடிவு: ஆடு.' மாமாவிடமிருந்து பதில் வரவில்லை. அவர் படித்துவிட்டார் என்பதற்கான நீலக்கோடு மட்டும் இரண்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கல்யாணி கடைக்கு வந்துவிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எஸ்தர் அக்காவின் கட்டிலடியில் படுத்திருந்து, காலையில் தானாக வந்திருந்தது. பேச்சித்தாய் மதினி ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டே யாரையோ கரித்துக்கொட்டிக்கொண்டு வந்தாள்.

"யாருக்கு மதினி இது?"

"என் நாத்தனாருக்குத்தான். மூதேவி, நேத்து எங்கிட்ட என்ன பேச்சுப் பேசினா தெரியுமா? இன்னைக்கு விசேஷமாம், ஜாக்கெட் வேணுமாம்."

"அப்படிப்பட்டவளுக்கு எதுக்கு தச்சுக் கொடுக்க? அவளை ஆதரிக்கியா?" என்றார் அண்ணாச்சி.

"யாரு ஆதரிச்சா?" மதினி ஊசியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இருபது வருஷமா அவளுக்குத் தைக்கேன். ஒரு தையலாவது திட்டாமப் போட்டிருக்கேனா? வாய் பாட்டுக்குத் திட்டும், கை பாட்டுக்குத் தைக்கும். ஜாக்கெட் கிடைச்சதுனால எங்க ஆதரவு கிடைச்சிட்டுன்னு அவ நினைக்க முடியுமா?"

கல்யாணி எழுந்து நின்றாள். மணி ஏழு நாற்பது. மதினி சொன்னதை மனசுக்குள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு பிழையும் தெரியவில்லை. போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, இனிய காலை. முடிவு பண்ணிட்டோம். செம்மண்விளை இல்லத்தை நாங்க ஆதரிக்கப் போறதில்ல."

"சரி. அப்பம் எதை ஆதரிக்கீங்க?"

"எதையும் இல்ல மாமா. அந்த இல்லத்தை எதிர்க்கப் போறோம். அதுக்கு முப்பது தகரமும் ஆணியும் வேணும்."

அந்தப் பக்கம் துறைமுகத்துச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. அது ஓய்ந்ததும் மாமா, "எத்தனை அடித் தகரம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோணக்குறிச்சி மொத்தமும் செம்மண்விளை இல்லத்துக்கு முன்னால் திரண்டது. கையில் கறுப்புக்கொடி, ஏணி, சுத்தியல். ஊரில் தகரம் போடத் தெரிந்தவர்கள் பதினாலு பேர். அவர்கள் மேலே ஏறினார்கள். மற்றவர்கள் கீழே நின்று எதிர்த்தார்கள். கோயில் கொடை விழாவில் பேசுகிற ஒலிபெருக்கியை அண்ணாச்சி கொண்டுவந்திருந்தார்.

"ஆதரிக்க மாட்டோம், ஆதரிக்க மாட்டோம்."

"இந்த இல்லத்தை, ஆதரிக்க மாட்டோம்."

"கொண்டுவா கொண்டுவா, ஆணி கொண்டுவா."

"தகரமே, மேலே போ."

யாராவது வேலை மும்முரத்தில் கோஷத்தை விட்டுவிட்டால் கல்யாணி ஓடிப்போய், "சத்தமா அண்ணே, ஆதரவாப் போயிரும்" என்று நினைவுபடுத்தினாள். பதினோரு வயசாளிகளின் கட்டில்களையும் அவளே நின்று நடுக்கூடத்துக்கு இழுத்துப்போட வைத்தாள். இழுத்தவர்கள் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு 'ஒழிக' சொன்னார்கள்.

துரைராஜ் தாத்தா பேப்பரை மடித்துவைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னடே கோஷம் போடுதீங்க, பாயசம் கேக்குற மாதிரி? முப்பது வருஷம் மில் வாசல்ல நின்னவன் நான். அந்தக் குழாயை இங்க கொடு" என்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எதிர்ப்புக்கு ஒரு களை வந்தது. தான் குடியிருக்கிற இல்லத்தை அவர் அடிவயிற்றிலிருந்து கண்டித்தார். உள்ளே கட்டிலில் இருந்த ஒரு பாட்டி பக்கத்துக் கட்டில் பாட்டியிடம் சொன்னாள்: "நம்மளை எதிர்க்கவும் இத்தனை பேரு இருக்காங்களே. நான் நினைக்கவே இல்ல."

பதினோரு மணிக்கு சத்தம் கேட்டு ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"என்ன போராட்டம்? யாரை எதிர்த்து?"

"இந்த இல்லத்தை எதிர்த்து" என்றார் அண்ணாச்சி.

"கோரிக்கை என்ன?"

கல்யாணி முன்னால் வந்தாள். பொய் சொல்லிவிடக் கூடாதே என்று கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "மழை உள்ள வரக் கூடாது சார்."

போலீஸ்காரர் மேலே பார்த்தார். பதினாலு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டை எடுத்து, "கோரிக்கை முக்கால்வாசி நிறைவேறியது" என்று எழுதிக்கொண்டு போனார்.

நாலு மணிக்குக் கடைசித் தகரம் உட்கார்ந்தது. நாலரைக்கு அடைமழை பிடித்தது. எல்லோரும் கூடத்துக்குள் ஒதுங்கி, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். தகரத்தில் ஆயிரம் பேர் கல் எறிகிற மாதிரி சத்தம். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. எஸ்தர் அக்கா குடம், அண்டா, சருவம், டம்ளர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பிறகு அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் காப்பி கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது கல்யாணி அவளிடம் ஒரு தாள் கொடுத்தாள். 'இந்த இல்லத்தில் வசிக்கும் பதினோரு பேருக்கும் நாங்கள் எவ்வித ஆதரவும் அளிக்கவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறோம்' என்று எழுதி, கீழே அறுபது கையெழுத்து இருந்தது. "யாராவது வந்து இவங்களை வெளிய போகச் சொன்னா இதைக் காட்டுங்க அக்கா" என்றாள்.

எஸ்தர் அக்கா தாளைப் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கல்யாணி, தப்பா எடுத்துக்காதம்மா. பின்னால அடுப்படிக் கூரையும் கொஞ்சம் இத்துப்போயிருக்கு. தகரம் நாலஞ்சு மிச்சம் கிடக்கு. அடுத்த தடவை எதிர்க்க வரும்போது அதையும் சேத்து எதிர்த்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும்."

கல்யாணி அக்காவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அக்கா, நீங்க கேட்டு நாங்க செஞ்சா அது ஆதரவாயிரும். இத்தனை நேரம் எதிர்த்தது பூரா வீணாப் போயிரும். கேக்காதீங்க. வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

எஸ்தர் அக்கா வாசற்படியில் ஏறி நின்றாள். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இந்தா பாருங்க, கோணக்குறிச்சிக்காரங்க ஒரு ஆளு எங்க அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"அதையும் பாத்துருவோம்" என்றாள் கல்யாணி. "வாற ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துருவோம்."